தொட்டிலுக்கு மேலே ஒரு புகைபோக்கி

தெருவில் நடக்கும்போது மற்றவர்கள் கடைகளைப் பார்ப்பார்கள், எதிரே யார் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். நான் அண்ணாந்து பார்ப்பேன். இதனால் விளக்குக் கம்பத்தில் மோதி நெற்றி புடைத்திருக்கிறது, தபால்காரர் மேல் போய் விழுந்திருக்கிறேன். அதற்காகக் குனிந்து நடக்க முடியுமா? எங்கள் ஊர் கிரிம்ஸ்லியில் பார்க்க வேண்டியதெல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. மதுக்கடை வாசல் வளைவின் நடுக்கல்லில் ஒரு பெண்ணின் முகம் செதுக்கியிருக்கிறது. மூக்கு உடைந்து போயிற்று, ஆனாலும் முகத்தில் என்ன திமிர்! பேக்கரிக்கு மேலே செங்கல் வைத்து அடைத்த சன்னல் ஒன்று உண்டு. சன்னலுக்கு வரி போட்ட காலத்தில் அடைத்தது என்று ஊரே சொல்லும். சுத்தப் பொய். அது பிறவிக் குருடு. மறுபக்கத்துச் சன்னலுக்கு ஜோடி வேண்டுமே என்று ஒப்புக்கு வைத்தது. இதைச் சொன்னால் பேக்கரிக்காரருக்குக் கோபம் வருகிறது.

நான் இதையெல்லாம் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து முப்பது வருஷம் ஊராரின் வாயைப் பார்த்தவள். ஓய்வு பெற்றதும் பார்வையைக் கொஞ்சம் மேலே உயர்த்தினேன், அவ்வளவுதான். எங்கள் தேவாலய மாத இதழில் 'மேலே பாருங்கள்' என்று ஒரு பக்கம் எழுதுகிறேன். நல்லதை நல்லது என்பேன். அசட்டுத்தனத்தைக் கண்டால் விடமாட்டேன். நல்ல செங்கல் வீட்டின் முகத்தில் கருங்கல் மாதிரித் தெரிய ஒட்டுக்கல் பதித்த ஒருவரைப் பற்றி, 'பாட்டியின் பல்செட்டைத் தாத்தா மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது' என்று எழுதினேன். பெயர் போடவில்லை. ஆனால் அந்தத் தெருவில் ஒட்டுக்கல் வீடு ஒன்றுதான். அவர் இப்போது என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். என் கணவர் நார்மன் இதைப் படித்துவிட்டு, "கொஞ்சம் காரம் ஜாஸ்தி ஹில்டா" என்றார். காரமில்லாமல் எழுதினால் யார் படிப்பார்கள்?

எங்கள் வீடு இரட்டை வீட்டில் ஒரு பாதி. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் பிரயனி, ரோரி என்று ஓர் இளம் ஜோடி. அவர்களுக்கு மார்த்தா என்று ஒரு பெண்குழந்தை. இரண்டு வீட்டுக்கும் கூரையில் ஒரே புகைபோக்கிதான், நடுச்சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் பாதி எங்களுடையது, பாதி அவர்களுடையது. ஊரிலேயே அழகான புகைபோக்கி என்று அதைப் பற்றி இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

மார்த்தாவின் முதல் பிறந்தநாளுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் நார்வேக் கரையோரம் கப்பல் பயணம் போய்வந்திருந்த சமயம். நாங்கள் இல்லாதபோது அவர்கள் வீட்டுக்குள் ஆட்களை விட்டு வேலை செய்திருந்தார்கள். சமையலறையும் முன்னறையும் ஒன்றாகி வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. நான் தேநீரை வாங்கிக்கொண்டு ஒரு சாசேஜ் ரோலைக் கடித்தபடி, "அடேயப்பா, நல்லா வந்திருக்கே" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

நடுச்சுவர் தட்டையாக இருந்தது.

குளிர்காயும் கணப்புக்கு மேலே அறைக்குள் புடைத்துக்கொண்டு நிற்குமே செங்கல் தூண், புகைபோக்கியின் கால், அது இல்லை. எங்கள் வீட்டு முன்னறையில் அது இருக்கிறது. இங்கேயும் இருந்தது, என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது அந்த இடத்தில் ஒரு டிவி.

"பிரயனி கண்ணு, இங்க இருந்த தூண் எங்கே?"

"எடுத்துட்டோம் ஹில்டா! எவ்வளவு இடம் கிடைச்சிருக்கு பாருங்க."

"மாடியிலயுமா?"

"மாடியிலயும்தான். மார்த்தா ரூம்ல தொட்டில் போடவே இடமில்லாம இருந்துச்சு. இப்போ அந்தச் சுவர் ஓரமா சிக்குனு உட்கார்ந்துடுச்சு. வாங்க, காட்டறேன்."

போய்ப் பார்த்தேன். வெள்ளைத் தொட்டில். மேலே துணியில் தைத்த முயல்கள் தொங்கின. பின்னால் தட்டைச் சுவர். விறுவிறுவென்று இறங்கிக் கொல்லைக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். புகைபோக்கி கூரைமேல் அப்படியே நின்றது. காலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்! ஒரு காரின் கனம் இருக்கும் அத்தனை செங்கலும் எதன் மேல் நிற்கிறது? இந்த ஊரில் இந்தப் பைத்தியக்காரத்தனத்தை நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! கணப்பு எரியவில்லை, தூண் எதற்கு என்று கீழே இடித்துவிடுவார்கள். மேலே இருப்பது கீழே இருப்பதன் மேல்தான் நிற்கிறது என்று ஒருவருக்கும் உறைக்காது.

உள்ளே வந்தேன். மெல்லத்தான் சொல்ல நினைத்தேன். என் வாய் என்றைக்கு மெல்லப் பேசியிருக்கிறது?

"குழந்தை தலைக்கு மேல ஒரு காரைத் தொங்கவிட்டிருக்கீங்களே, உங்களுக்கு அறிவிருக்கா?"

பிரயனியின் அம்மா கேக்கை வெட்டிய கத்தியோடு அப்படியே நின்றார்.

ரோரி சிரித்தான். எதற்கும் சிரிக்கிற பையன். "பயப்படாதீங்க ஹில்டா. கூரைக்கு அடியில பரண்ல இரும்பு உத்தரம் வெச்சுத்தான் இடிச்சோம். முறையா எல்லாம் கேட்டுத்தான் பண்ணோம்."

"இடிச்ச எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. ரெண்டு கொக்கியை அடிச்சுட்டு இரும்பு உத்தரம்னு காசு வாங்கிட்டுப் போயிருப்பான். பரணைத் திற, நான் பார்க்கறேன்."

"இன்னிக்கா? பர்த்டே பார்ட்டி நடுவுலயா? நார்மன்கிட்ட முன்னாடியே வந்து கேட்டோமே. உங்க பக்கம் பரணையும் ஒரு தடவை பார்த்துக்கட்டுமான்னுகூடக் கேட்டேன். அதெல்லாம் வேண்டாம், தாராளமா பண்ணுங்கன்னாரே."

நான் நார்மனைப் பார்த்தேன். எனக்கு இது புதுச் செய்தி. அவர் தட்டில் இருந்த ஜெல்லியைக் கரண்டியால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு என்ன தெரியும்? பூகோள வாத்தியார்! எரிமலையைக் கேளு, சொல்லுவாரு. நான் சொல்றதைக் கேளு ரோரி. அந்தத் தொட்டில்ல இன்னிக்கு ராத்திரி குழந்தையைப் போட்டீங்கன்னா, நீங்களே அதைக் கொல்றீங்கன்னு அர்த்தம்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பயத்தில் வந்த வார்த்தை அது. பிரயனியின் முகம் வெளுத்தது. குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போங்க ஹில்டா. ப்ளீஸ். இப்பவே போங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நார்மன், "விட்டுடேன். அவங்க வீடு, அவங்க பாடு" என்றார்.

"குழந்தை, நார்மன்! குழந்தை! உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். இரவு எனக்குத் தூக்கமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை ஒருமுறை சிணுங்கியது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

திங்கள்கிழமை நகராட்சிக்குப் போன் செய்தேன். கட்டடங்களைச் சோதிக்கிற பெண், மிஸ் ஹாலம் என்று, புதன்கிழமை மத்தியானம் வந்தாள். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் பெரிய டார்ச். பிரயனி அவளை உள்ளே விட்டாள். என்னை வாசற்படியோடு நிறுத்திவிட்டாள். நான் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலியோரம் நின்று காத்திருந்தேன்.

மிஸ் ஹாலம் தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அருமையா பண்ணியிருக்காங்க மேடம். அந்த உத்தரத்துல யானையைக் கட்டித் தொங்கவிடலாம்."

"என்னது?"

"யானை, ஹில்டா, யானை!" என்றான் ரோரி கதவோரத்திலிருந்து. இந்தத் தடவை அவன் சிரிப்பில் காரம் இருந்தது. பிரயனி சிரிக்கவில்லை. "என் குழந்தையைக் கொல்றேன்னு எங்கம்மா முன்னாடி சொன்னீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. தெருமுனையில் பேக்கரிக்காரரின் மனைவி வேறு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

மிஸ் ஹாலம் போகவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாந்து பார்க்கிற இன்னொருத்தி என்று எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"இதுல பாதி உங்களோடது, இல்லையா? அவங்க பாதி சரி. வந்ததுதான் வந்தேன், உங்க பக்கமும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடறேனே."

"தாராளமா வாங்க. வீட்டை எப்படி வெச்சுக்கணும்னு பார்த்துட்டுப் போங்க" என்றேன். ரோரிக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

நார்மன் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். "எதுக்கு? மேல ஒரே தூசி. ஏணிவேற ஆடும்."

"தூசி அவங்களைத் தின்னுடுமா? தள்ளு."

பரணுக்கு நான் ஏறியதே இல்லை. முழங்கால் ஒத்துழைக்காது. கிறிஸ்துமஸ் சாமானெல்லாம் நார்மன்தான் ஏறி எடுப்பார். அன்றைக்கு ரோஷத்தில் ஏறினேன். மிஸ் ஹாலம் முன்னால், நான் பின்னால். அவள் டார்ச்சைச் சுற்றிலும் அடித்தாள். ஓட்டின் அடிப்பக்கம், பழைய பெட்டிகள், கிறிஸ்துமஸ் மரம். பிறகு வெளிச்சம் நடுச்சுவருக்குப் போய் நின்றது.

"அசையாதீங்க" என்றாள்.

கூரையிலிருந்து செங்கல் கட்டு கீழ்நோக்கி இறங்கியிருந்தது. என் புகைபோக்கி, இரண்டு முறை நான் எழுதிய அதே புகைபோக்கி. இடுப்பு உயரம்வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே தூண் இல்லை. ஒரு பழைய கதவைப் படுக்கப் போட்டு, அதன் கீழே இரண்டு கார் ஜாக்கியை முட்டுக்கொடுத்திருந்தது. ஜாக்கிகள் நின்றது படுக்கையறைக் கூரையின் மரச்சட்டத்தில். ஒரு ஜாக்கி சாய்ந்திருந்தது. கதவின் மேல் புதிய செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டிக் கிடந்தது.

வாயைத் திறந்தால் விழுந்துவிடுமோ என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன்.

கீழே இறங்கியதும் மிஸ் ஹாலம் எங்கள் படுக்கையறைக்குள் போனாள். நடுச்சுவர் முழுக்க அலமாரி, நடுவில் ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் தூண் இருக்கிறது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவள் கண்ணாடியை விரலால் தட்டினாள். டப்பா மாதிரி ஓசை வந்தது.

"இது இவ்வளவு காலம் எப்படி நின்னுச்சுன்னா, பக்கத்து வீட்டுப் பாதியைக் கட்டிப்பிடிச்சுத் தொங்கிட்டிருந்துச்சு. இப்போ அவங்க தங்களோட பாதியை அறுத்து உத்தரத்துல ஏத்திட்டாங்க. உங்களோடதுக்குப் பிடிமானம் போயிடுச்சு. விழுந்தா இந்தச் சுவரையும் சேர்த்துத் தள்ளும்." நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். "அந்தக் குழந்தை எந்த ரூம்ல தூங்குது?"

நான் ஓடினேன். என் முழங்கால் அன்றைக்கு என்னை ஒன்றும் கேட்கவில்லை.

கதவைத் திறந்த பிரயனி, "இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள்.

"குழந்தையை எடு. இப்பவே. தப்பு எங்க பக்கம்டி. உங்க பக்கம் இல்ல, எங்க பக்கம். எங்களோடது தொங்குது. சுவரோட சேர்ந்து உங்க பக்கம் விழும். கேள்வி கேட்காதே, எடு!"

அவள் கேள்வி கேட்கவில்லை. இரண்டிரண்டு படியாக ஏறினாள். மத்தியானத் தூக்கத்திலிருந்த மார்த்தாவை வாரி எடுத்து வந்து, "பிடிங்க" என்று என் கையில் திணித்துவிட்டு ரோரியைக் கூப்பிட்டாள். தூக்கச் சூட்டோடு குழந்தை என் தோளில் கிடந்தது. நேற்றும் முந்தாநாளும் இந்தக் குழந்தை சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் நான் அதற்காகக் கண்விழித்து உட்கார்ந்திருந்தேன், எமன் என் வீட்டுப் பரணில் உட்கார்ந்திருந்தான்.

வெளியே மிஸ் ஹாலம் முட்டுக் கம்பங்களுக்கும் ஆட்களுக்கும் போன் செய்துகொண்டிருந்தாள். நார்மன் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ரோரியும் அவருமாகத் தொட்டிலைப் படியில் இறக்கிக் கொண்டுவந்து சமையலறையில், அந்தச் சுவருக்கு எட்டாத மூலையில் வைத்தார்கள். பிரயனி பால் புட்டியைத் தேடினாள். பேசாமல் இருக்க எனக்கு வராது.

"எந்த மடையன் இதைப் பண்ணானோ! நமக்கு முன்னாடி இருந்தானே, அந்த ஹெப்டன்! அவன் வேலையாத்தான் இருக்கும். கதவாம், ஜாக்கியாம்! கொலைகாரன். என் கையில கிடைச்சான்னா..."

"ஹில்டா" என்றார் நார்மன். "நான்தான்."

"என்ன நீதான்?"

"தூணை எடுத்தது நான்தான். வீடு வாங்கின புதுசுல, குடிவரதுக்கு முன்னாடி நீ உன் தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருந்தியே, அப்போ. தூண் இருந்தா அலமாரி நேரா வராது. நீ திரும்பி வந்து பார்த்துட்டு ஆச்சரியப்படணும்னு ஆசை."

"அவ்வளவு செங்கல்? அதை எங்கே..."

"தோட்டத்துப் பாதை."

கையால் அச்சில் வார்த்த பழைய செங்கல், இந்த ஊரில் இதுபோல் பாதை வேறு கிடையாது என்று நான் படம் போட்டு எழுதிய பாதை.

"அப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது ஹில்டா, சத்தியமா. நாலு வருஷம் முன்னாடி காலையில டோஸ்ட் சாப்பிட்டுக்கிட்டே நீதான் சொன்னே. மில் தெருவுல ஒருத்தன் தூணை இடிச்சுட்டான், புகைபோக்கி அந்தரத்துல நிக்குதுன்னு. எனக்குச் சாப்பிட்டது இறங்கல. நீ கடைக்குப் போனதும் ஏறிப் பார்த்தேன். அப்புறம்தான் ஜாக்கி வெச்சேன். அன்னைலேருந்து அந்தச் சுவர்ப் பக்கம் நான் படுத்துக்கறேன்."

ஆமாம். ஒருநாள் திடீரென்று இடம் மாறிப் படுத்தார். இரவில் கழிவறைக்குப் போக வசதி என்று சொன்னார். நானும் கிழவா என்று கேலி செய்தேன்.

ரோரி எதையோ புரிந்துகொண்டவன் போலத் தலையைத் தூக்கினான். "அதனாலதான் எங்களைப் பரணைப் பார்க்க விடலையா?"

"உங்க பக்கம் என்ன செஞ்சாலும் எங்களோடது நிக்கும்னு நெனச்சேன் தம்பி. நெனச்சேன்னு சொல்றது பொய். நிக்கணுமேன்னு வேண்டிக்கிட்டேன்."

பிரயனி பால் புட்டியை மேஜையில் வைத்தாள். "ஏன் நார்மன்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வேற யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். இந்த ஊர்லயே இதெல்லாம் தெரிஞ்சவங்க உங்க வீட்லயே இருக்காங்க. ஹில்டாகிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே சரி பண்ணியிருக்கலாமே!"

நார்மன் அவளைப் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே கேள்வி விளங்கவில்லை.

"ஹில்டாகிட்டயா?" என்றார்.

ரோரி சிரிக்கவில்லை. அவன் தரையைப் பார்த்தான். பிரயனி என்னைப் பார்த்தாள், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மார்த்தா விழித்துக்கொண்டு என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். இழுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.